குபேரனுக்கு முன்னால எமன்

உக்காரு மருமவனே. ஆங், மறந்துட்டேன், உனக்குத்தான் உக்காரத் தெரியாதே. சரி, நின்னுக்கினே கேளு. கையில யாரு ஆதாரு அது? எடு, எடு, ஜெராக்ஸ் எடுத்துக்கினே கேளு. காது சும்மாதானே இருக்குது.

2021ல சட்டசபையில ஒரு சட்டத்தைத் திருத்துனாங்களே, ஞாபகம் இருக்குதா? கடையில வேலை செய்யிறவங்களை நாள் பூரா நிக்க வைக்கக் கூடாது, உக்கார இடம் போட்டே ஆவணும்னு. கேரளாக்காரங்க 2018லயே பண்ணிட்டாங்க. அப்பால நாம பண்ணோம். துணிக்கடையில நின்னு நின்னு காலு வீங்கிப்போன பொண்ணுங்களுக்கு ஒரு விடிவு, நல்ல சட்டம். நீயும் ரெண்டு ஸ்டூல் வாங்கியாந்து போட்ட. உன் கடைப் பொண்ணுங்க ரெண்டும் ராணி கணக்கா உக்காந்து டைப் அடிக்குதுங்க. மொதலாளி மட்டும் காலையில எட்டு மணிக்கு நின்னவன் ராத்திரி பத்து வரைக்கும் நிக்கிறான். தனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக்கத் தெரியாத ஆளும் ஊர்ல இருப்பான்னு அந்தச் சட்டம் எழுதுனவங்களுக்குத் தோணியிருக்காது, பாவம்.

நான் ஏதோ வேலையத்த கிழவன், கடையில வந்து டீ குடிச்சிட்டு வாய் பேசறேன்னு நெனைக்கிற. நெனைச்சுக்க. டீ குடிக்கத்தான் வரேன். ஆனா எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, போன வருசம்தான் ஆபரேஷன் பண்ணிக்கினேன். அந்தப் புதுக் கண்ணால உன்னைப் பாத்தா, உன் மூஞ்சி நீ எடுக்கற காப்பி மாதிரி இருக்குது. டோனர் தீரப்போற நேரத்துல வர்ற காப்பி.

இந்த இடம் எப்படி இருந்ததுன்னு உனக்குத் தெரியாது. மனு குடுக்கணும்னா அந்தக் காலத்துல நாங்க வேலூருக்குப் பஸ் ஏறணும். எண்பது கிலோமீட்டர். கட்டுச்சோறு கட்டிக்கினு போயி, கலெக்டரு கேம்ப்புல இருக்காருன்னு பியூன் சொன்னதைக் கேட்டுக்கினு திரும்பி வருவோம். 1989 செப்டம்பர் 30ல வடாற்காட்டைப் பிரிச்சி திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்குனாங்க. அப்பாலதான் வேங்கிக்காலுக்குக் கலெக்டர் ஆபீசு வந்து, மல்லாட்டை போட்ட கழனியெல்லாம் பிளாட்டாச்சி. நானும் ஏரிக்குக் கீழ இருந்த ஒன்னரைக் காணியைக் குடுத்தவன்தான். வெளைஞ்ச காலத்துல அந்த மண்ணு எனக்குக் குடுத்ததைக் காட்டியும் வித்த அன்னிக்குக் குடுத்தது அதிகம். அதைப் பேச ஆரம்பிச்சா இன்னொரு டீ ஆவும், விடு.

உன் கதைக்கு வரேன். திங்கக்கிழமை ஆனா குறைதீர்ப்பு நாளு. செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கலசபாக்கம், எங்கெங்கேயோ இருந்து வந்து எறங்குதுங்க சனங்க. பட்டா மாறல, பாதையை அடைச்சிட்டான், முதியோர் பென்சன் நின்னு போச்சு, பையன் சோறு போட மாட்டேங்கறான். எல்லாக் குறையும் ஆபீசு கேட்டுக்குள்ள போறதுக்கு முன்ன உன் கடையில வந்து நிக்குது. கெழவி ஒருத்தி அரை மணி நேரம் அழுதுக்கினே சொல்றதை நீ நாலு வரியில அடக்கிடுவ. 'மேற்படி', 'மேற்கண்ட', 'ஆவன செய்யுமாறு'. உன் எழுத்துல வந்தா அவ அழுகைக்கே ஒரு மரியாதை வந்துடுது. அதுல உன்னை அடிச்சிக்க இந்த வேலூர் ரோட்டுல ஆளு கிடையாது. அடுத்தவன் குறையை அம்பது ரூவாய்க்கு அவ்ளோ அழகா எழுதறவனுக்குத் தன் வூட்டுக் குறை மட்டும் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதே, அதான் எனக்கு ஆச்சரியம்.

மத்தியானம் ஒரு மணிக்கு உன் பொண்டாட்டி டிபன் கேரியர் குடுத்தனுப்புது. வூடு எவ்ளோ தூரம்? ஏரிக்கரைப் பக்கம், நடந்தா பத்து நிமிசம். நீ போவ மாட்ட. கேரியரையும் தொறக்க மாட்ட. நாலரை மணிக்கு "பசி செத்துப்போச்சு மாமா, நீங்க சாப்பிடுங்க"ன்னு தள்ளுவ. அந்தச் சோத்தைத் தின்னுக்கினு வர்றவன் நான். நேத்து வச்சிருந்த கத்திரிக்கா கடைசல் இருக்குதே, அதுக்கு ஒரு கும்பிடு. ஆக, நீ ஒழுங்கா வூட்டுக்குப் போயி சாப்பிட ஆரம்பிச்சா நஷ்டம் எனக்குத்தான். நஷ்டம்னு தெரிஞ்சே ஒருத்தன் புத்தி சொல்றான்னா அதுல கொஞ்சமாவது உண்மை இருக்கும்ல?

போன மாசம் உன் பொண்டாட்டி என்னா பண்ணுச்சி? பொண்ணு பள்ளிக்கூடத்துல பேரண்ட்ஸ் மீட்டிங். அதைப் பத்தி உன்னாண்ட ஒரு வார்த்தை பேசணும். போன் பண்ணா "வச்சிடு, கூட்டம்"ங்கற. ராத்திரி வந்தா சோத்துத் தட்டுலயே தூங்கற. அது நேரா கடைக்கு வந்து, சனங்களோட சனமா வரிசையில நின்னுச்சி. நீ தலையைத் தூக்காம "அடுத்து யாரும்மா, எத்தனை காப்பி?"ன்ன. "காப்பி வேணாம், ஒரிஜினல் வேணும்"னு சொல்லுச்சி பாரு, எனக்குக் குடிச்ச டீ புரையேறிடுச்சி. உனக்கு அப்பவும் புரியல. "ஒரிஜினல் தாசில்தார் ஆபீசுல கேளுங்கம்மா"ன்னுட்ட.

சிரிக்காத. சிரிக்கிற விசயமா இது?

மலை சுத்தறியே, அதையாவது ஒழுங்கா சுத்தறியா? பதினாலு கிலோமீட்டர். கோயில்ல ஆரம்பிச்சா இந்திர லிங்கம், அக்னி லிங்கம், அப்பால எம லிங்கம், நிருதி, வருணன், வாயு, குபேரன், கடைசியா ஈசானியம். எட்டு லிங்கம். இதை யாரு வச்சாங்களோ, அவங்க நம்மளை மாதிரி ஏமாந்த ஆளுங்க கிடையாது. எமனை மூணாவதா வச்சிட்டாங்க. குபேரனை ஏழாவதா வச்சிட்டாங்க. குபேரனைப் பாக்கணும்னா எமன் வாசலைத் தாண்டித்தான் போவணும், வேற வழி இல்ல. நீ இன்னா பண்ணுவ? எம லிங்கத்தாண்ட வரும்போது செல்லுல பேசிக்கினே தாண்டிடுவ. குபேர லிங்கம் வந்தா மட்டும் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கினு நிப்ப. போன வருசம் கார்த்திகை சிவராத்திரிக்கு, குபேர கிரிவலம்னு ஊரே முண்டியடிச்சுதே, அன்னிக்கு நடக்கக்கூட நேரமில்லன்னு ஷேர் ஆட்டோ புடிச்சி நேரா குபேரனாண்டயே போயி எறங்குன. எமனைப் பாக்காம வந்துட்டோம்னு ஒரு சந்தோசம் உனக்கு. நீ பாக்கலன்னா அவரு உன்னைப் பாக்கலன்னு அர்த்தமா?

அதுக்கு அப்பால நடந்ததை நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா? சரி, நானே சொல்றேன். குபேர லிங்கத்தைத் தாண்டி இடுக்குப் பிள்ளையாரு. ஒருக்களிச்சிப் படுத்து, அந்தச் சந்துல பூந்து அந்தாண்டை வந்தா இடுப்பு வலி, கை கால் குடைச்சல் எல்லாம் போவும்னு பெரியவங்க சொல்லுவாங்க. உனக்கு இருபத்தஞ்சு வயசுல நான்தான் கூட்டியாந்தேன். கெண்டை மீனு மாதிரி பூந்து வெளிய வந்த. இந்தத் தடவை பாதியில நின்னுக்கின. தலை அந்தப் பக்கம், காலு இந்தப் பக்கம். பின்னால நின்ன ஆந்திராக்காரங்க நீ ஏதோ வேண்டுதல்ல படுத்திருக்கன்னு நெனைச்சி உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறாங்க. நான்தான் இழுத்தேன். இந்தக் கெழட்டு வயசுல நாப்பத்தாறு வயசுக்காரனை இழுக்கறேன்.

தொப்பையைச் சொல்லி நான் கேலி பண்ணல. எனக்கும் ஒரு காலத்துல இருந்தது. உன் வயசே ஒரு இடுக்குதான் மருமவனே. முன்னால பொண்ணு பிளஸ் டூ, பையன் ஒம்பதாவது. பின்னால எங்கக்கா, அதான் உன் அம்மா, முட்டி வலியோட. நடுவுல கடை. தம் கட்டி, உடம்பை ஒடுக்கி, மெதுவாப் பூந்தா வெளிய வரலாம். நீ ரெண்டு கையிலயும் ஜெராக்ஸ் மிஷினைத் தூக்கிக்கினு பூந்தா?

கடன் இருக்குது மாமான்னு ஆரம்பிப்ப. தெரியும். கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கி, மழை பொய்ச்சி, தாலிக்கொடியை வச்சிக் கட்டுனவன் நான். எனக்கு வட்டி சொல்லித் தராத. நீ வாங்கியிருக்கறது முத்ரா கடன். 2015ல வந்தது. அதுல வச்சிருக்கற பேரைப் பாத்தியா? அம்பதாயிரம் வரைக்கும் சிசு, அஞ்சு லட்சம் வரைக்கும் கிஷோர், பத்து லட்சம் வரைக்கும் தருண். வடக்கத்திப் பேரு, பேரன்தான் அர்த்தம் சொன்னான். சிசுன்னா கைக்கொழந்தை, கிஷோர்னா விடலைப் பையன், தருண்னா வாலிபன். வாலிபத்தோட நிறுத்திட்டாங்க. நாப்பதைத் தாண்டுன ஆளும் கடன் கேப்பான்னு அவங்களுக்குத் தெரியல போலருக்குதுன்னு நெனைச்சேன். 2024ல அதுக்கும் மேல ஒன்னு போட்டாங்க, இருவது லட்சம் வரைக்கும். அதுக்குப் பேரு தருண் பிளஸ். வாலிபம் பிளஸ்! உன்னை மனசுல வச்சித்தான் வச்சாங்களோ என்னவோ.

கடன் அடையும். எல்லாக் கடனும் ஏதோ ஒரு நாளு அடையும், இல்லன்னா ஆளு அடைவான்.

அந்த மிஷினைப் பத்தி நான் ஒன்னு கேக்கறேன். வருசக் கணக்குல சர்வீசுக்குப் பணம் கட்டி வச்சிருக்கற இல்ல? மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு தம்பி பேகு மாட்டிக்கினு வரான், தொறந்து தூசி தட்டறான், உருளையைத் தொடைக்கிறான். திங்கக்கிழமை ரெண்டு மணிக்குச் சூடு ஏறிப்போச்சின்னா நீயே "கொஞ்சம் ஆறட்டும், மிஷினு போயிடும்"னு சனங்களை நிறுத்தி வைக்கிற. அந்தப் பத்து நிமிசத்துல நீ இன்னா பண்ணுற? கையால மனு எழுதற. மிஷினுக்கு ஆறணும், உனக்கு ஆற வேணாம். உனக்குச் சூடு ஏறுனா யாருக்குப் போன் பண்ணுவ?

நானும் அப்படித்தான் இருந்தேன்னு சொன்னா நம்ப மாட்ட. என்னாண்ட ஒரு ஜோடி எருது இருந்தது. வெயிலு உச்சிக்கு வந்தா நுகத்தடியை அவுத்து, புங்க மரத்து நெழல்ல கட்டி, தண்ணி காட்டி, தவுடு வச்சித் தேய்ச்சி விடுவேன். அந்நேரத்துக்கு உங்க அத்தை களை வெட்டிக்கினு இருப்பா. அவளை நெழலுக்கு வான்னு கூப்பிட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. எருது படுத்தா வேற எருது வாங்கணும், தீபத்துச் சந்தையில அது இன்னா வெலை விக்குதுன்னு எனக்குத் தெரியும். அவ படுத்தா ஒரு சுக்குக் கஷாயம் போதும்னு நெனைச்சேன். நானு படுத்தா அதுவும் வேணாம்னு நெனைச்சேன். எருது கணக்குப் போடத் தெரிஞ்சவனுக்கு மனுச கணக்கு வரல. உங்க அத்தை இன்னி வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டறது இல்ல. ஆனா புங்க மரத்தைத் தாண்டிப் போறப்பெல்லாம் ஒரு பார்வை பாப்பா. அந்தப் பார்வைக்கு நான் இன்னும் வட்டி கட்டிக்கினு இருக்கறேன்.

சரி சரி, மூஞ்சைத் தொங்கப் போடாத. அந்தம்மா நிக்கிறாங்க பாரு, அவங்களுக்கு லேமினேஷன் போட்டுக் குடு.

அன்னிக்குப் போண்டா மடிச்சிக் குடுத்த பேப்பர்ல ஒரு சேதி. எண்ணெய் ஊறாத பக்கத்தை மட்டும் படிச்சேன். உலக சுகாதார நிறுவனமும் தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021ல ஒரு கணக்குச் சொல்லியிருக்காங்க. வாரத்துக்கு அம்பத்தஞ்சு மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை செய்யிறவனுக்கு, நாப்பது மணி நேரத்தோட நிறுத்திக்கிறவனைக் காட்டியும் பக்கவாதம் வர்ற ஆபத்து நூத்துக்கு முப்பத்தஞ்சு பங்கு அதிகமாம், இதயக் கோளாறுல சாவற ஆபத்து பதினேழு பங்கு அதிகமாம். ஜப்பான்காரன் இதுக்குன்னே ஒரு வார்த்தை வச்சிருக்கானாம், கரோஷி. வேலை செஞ்சே சாவறது. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு 'உழைப்பாளி, பாவம், நல்ல மனுசன்'. உன் கணக்கைப் போட்டுப் பாத்தேன். எட்டுல இருந்து பத்து, பதினாலு மணி. ஏழு நாளு. தொண்ணூத்தெட்டு. ஞாயித்துக்கெழமை கலெக்டரே வரல, நீ யாருக்குக் கடையைத் தொறக்கற? உள்ள காவலுக்கு இருக்கற போலீசுக்காரருக்கு ஜெராக்ஸ் எடுக்கவா?

எங்கக்காவுக்கு மாத்திரை வூட்டுக்கே வருது. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்களே, அந்தத் தங்கச்சி பையை மாட்டிக்கினு வருது, பிரஷரு பாக்குது, மாத்திரை குடுக்குது, "எண்ணெய் கம்மி பண்ணுங்க பாட்டி"ன்னு மிரட்டிட்டுப் போவுது. ஒரு நாளு அந்தப் பொண்ணு கேட்டுச்சி: "வூட்டுல வேற யாரும் இல்லையா, பெரியவங்க?" எங்கக்கா சொன்னா: "ஒருத்தன் இருக்கான், ராத்திரி பத்தரைக்கு மேல வந்தா பாக்கலாம்." மருந்து மக்களைத் தேடி வருதுப்பா. மக்களு கடையில ஒளிஞ்சிக்கினா அது இன்னா பண்ணும்?

ஆனா ஒன்னு, உடம்பைப் பாத்துக்கறேன்னு நீ எதுவுமே பண்ணலன்னு சொன்னா பாவம் வந்து சேரும். கையில ஒரு வாட்ச் வாங்கிக் கட்டுன. எத்தனை அடி நடந்தன்னு அது சொல்லுமாம். கடைக்குள்ள மிஷினுக்கும் கல்லாவுக்கும் நடந்தே எட்டாயிரம் அடி ஆயிடுதுன்னு பெருமையாக் காட்டுன. அப்படிப் பாத்தா செக்கு மாடு நம்ம எல்லாரைக் காட்டியும் ஆரோக்கியமா இருக்கணுமே! அப்பால ரமணாசிரமம் பக்கம் யாரோ வெள்ளைக்காரர் நடத்தற யோகா வகுப்புக்கு மூணு மாசப் பணத்தை முன்கூட்டிக் கட்டுன. மூணு நாளு போன. நாலாவது நாளு அவரு கடை நோட்டீசு அடிக்கற ஆர்டரை வாங்கியாந்த. உடம்பைத் தேத்தப் போயி வியாபாரத்தைத் தேத்திக்கினு வந்த ஒரே ஆளு நீதான்டா.

பகவானைச் சொன்னா கோவிச்சிக்குவ, ஆனாலும் சொல்றேன். 1896ல ரமணரு மதுரையை விட்டுக் கிளம்பும்போது அண்ணன் காலேஜு பீசுக்குக் குடுத்த அஞ்சு ரூவாயில மூணு ரூவா எடுத்துக்கினு, மீதி ரெண்டு ரூவாயைச் சீட்டோட வச்சிட்டு வந்தாரு. பதினாறு வயசுப் பையன், கணக்கை அவ்ளோ சுத்தமா வச்சாரு. எல்லாத்தையும் விட்டுட்டு மலைக்கு வந்தவருக்கு அம்மா விட்டுதா? 1916ல அந்தம்மாவும் வந்து சேந்து, ஸ்கந்தாசிரமத்துல அடுப்பை மூட்டிடுச்சி. அப்பால அவரும் ஆசிரமத்துல விடியக்காலையில எழுந்து காய் நறுக்குனாரு, எல்லாரும் தின்ற பந்தியில உக்காந்து தின்னாரு, நேரம் தவறாம மலைப்பக்கம் நடந்தாரு. உலகத்தையே விட்டவருக்குக் காய் நறுக்க நேரம் இருந்தது, நடக்க நேரம் இருந்தது, பந்தியில உக்கார நேரம் இருந்தது. ஒரு ஜெராக்ஸ் மிஷினை விட முடியாதவனுக்கு எதுக்குமே நேரம் இல்ல.

பௌர்ணமியை விட்டுட்டேன் பாரு. மாடி ரூம் ரெண்டையும் கிரிவலத்துக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு வுடற. நல்ல காசு, வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா போன பௌர்ணமிக்குக் கீழ ஹாலையும் வுட்ட. பொண்ணு அடுக்களையில, அரிசி மூட்டை மேல உக்காந்து வேதியியல் படிக்குது. எங்கக்கா திண்ணையில போத்திக்கினு படுத்திருக்கா. சென்னையில இருந்து வந்த குடும்பம் உன் கட்டில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வூட்டுப் பெரியவரு வெளிய வந்து, திண்ணையில எங்கக்காவைப் பாத்து, "பாவம், யாரோ பக்தை போல, தங்க இடம் கிடைக்கல"ன்னு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருவது ரூவாயும் வச்சிட்டுப் போயிருக்காரு. அக்கா அதை வாங்கி முந்தானையில முடிஞ்சி வச்சிருக்கா. "இந்த வூட்டுல எனக்கும் ஒரு வருமானம்"னு சொல்றா.

இதெல்லாம் எதுக்குப் பண்றன்னு கேட்டா, "குடும்பத்துக்காக"ங்கற. அந்தக் குடும்பம் அடுக்களையிலயும் திண்ணையிலயும் இருக்குதே!

கடையை மூடுனா கஸ்டமரு போயிடுவான்னு ஒரு பயம் உனக்கு. அது பொய்யுன்னு நான் சொல்ல மாட்டேன், கேட்டுக்கு எதிர்ல இன்னும் நாலு கடை இருக்குது. ஆனா டெங்கு வந்து பத்து நாளு படுத்தியே, அப்ப இன்னா ஆச்சி? கடையைத் தொறந்தது ஸ்டூல்ல உக்காந்துக்கினு இருக்கற அந்தப் பெரிய பொண்ணு. ஆன்லைன்ல விண்ணப்பம் போடறது உன்னைக் காட்டியும் அதுக்கு நல்லாத் தெரியுது. ஒரு மனுவும் நிக்கல. உன்னைக் கேட்டு வந்தவங்க ரெண்டே பேரு. ஒருத்தரு மிஷினுக்குள்ள வச்சி மறந்துட்டுப்போன ஆதார் கார்டைக் கேட்டாரு. இன்னொருத்தரு பாக்கிச் சில்லறை கேட்டாரு. கல்லாவும் கொறையல, நானே பாத்தேன். அந்தப் பொண்ணு கையில சாவியைக் குடுக்க உனக்குப் பயம் இல்ல, நீ இல்லாமலே கடை ஓடுச்சே, அதுதான் உனக்கு வயித்தெரிச்சல். எனக்கும் அப்படித்தான் இருந்தது, என் பையன் நான் இல்லாம ஒரு போகம் அறுத்தப்போ. நல்லா வேற வெளைஞ்சி போச்சு, சனியன்.

நான் ஒன்னும் கடையை வித்துட்டுக் காசிக்குப் போன்னு சொல்லல. மத்தியானம் ஒரு மணிக்கு சாவியை அந்தப் பொண்ணாண்ட குடுத்துட்டு நடந்து வூட்டுக்குப் போ. எங்கக்காவோட உக்காந்து தின்னு. அவ சொன்ன கதையையே சொல்லுவா, கேளு. ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டரை இழு. ஞாயித்துக்கெழமை தொறக்காத. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வெறும் வயித்துல போயி ரத்தம் குடுத்து சக்கரை, பிரஷரு பாரு. என்னா வருதுன்னு பயந்துக்கினு பாக்காம இருக்கற, தெரியும். உங்கப்பன் அம்பத்திரண்டுல போனான். நீ அந்த வயசை எண்ணிக்கினுதான் இவ்ளோ வேகமா ஓடறன்னும் எனக்குத் தெரியும். ஓடுனா தப்பிச்சிடலாம்னு அவனும் நெனைச்சான். அவனுக்கு அந்தக் காலத்துல பாக்க வசதி இல்ல. உனக்கு இருக்குது.

இதெல்லாம் நான் எத்தனை தடவை சொல்லிட்டேன்? வாயால சொன்னா உனக்கு ஏறாது, எழுத்துல இருந்தாத்தான் மதிப்பன்னு தெரிஞ்சிதான் அன்னிக்குத் திங்கக்கிழமை சாயங்காலம், கூட்டம் போனப்பால, நான் ஒரு மனுவோட வந்தேன். நீ மறந்திருக்க மாட்ட. "நமக்குத் தெரிஞ்ச கெழவி ஒருத்தி, பேரு ஊரெல்லாம் அப்பால சொல்றேன், விசயத்தை மொதல்ல அடி"ன்னேன். நீ தலையைத் தூக்கல. விரலு ஓடுது.

'ஐயா, வணக்கம். எனக்கு வயது 74. எனக்கு ஒரே மகன். மேற்படி மகன் கடந்த மூன்று ஆண்டுகளாக வீட்டிற்கு வந்து போகிறாரே தவிர, வீட்டில் வசிப்பதில்லை.' நான் சொன்னது "வூட்டுக்கே வர்றதில்ல"ன்னு. 'வந்து போகிறாரே தவிர வசிப்பதில்லை'ன்னு திருத்துனது நீ. "அப்படிப் போட்டாத்தான் மாமா நிக்கும், இல்லன்னா வி.ஏ.ஓ. வந்து பாத்துட்டு ஆளு இருக்கான்னு எழுதிடுவாரு"ன்ன. சரின்னேன். "கடை அவனைப் புடிச்சி வச்சிருக்குது"ன்னு சொன்னேன். நீ யோசிச்ச. "இதை ஆக்கிரமிப்புன்னு போடலாம் மாமா. ஆக்கிரமிப்புன்னாதான் நடவடிக்கை எடுப்பாங்க"ன்ன. அடிச்ச: 'மேற்படி மகனைக் கடை ஆக்கிரமிப்பு செய்துள்ளதால், கள விசாரணை செய்து, ஆக்கிரமிப்பை அகற்றி, என் மகனை எனக்கு மீட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' என்னா எழுத்துடா அது! நானே கொஞ்சம் கலங்கிட்டேன்.

"இணைப்பு ஏதாவது இருக்குதா மாமா?"ன்ன. இருவது ரூவா நோட்டு ஒன்னு, பிஸ்கட் பாக்கெட் ஒன்னுன்னேன். அதையும் அடிச்ச. "அனுப்புநர் பேரு?" எங்கக்கா பேரைச் சொன்னேன். விரலு பாதி வரைக்கும் போயி நின்னுது. "பெறுநர் யாரு, கலெக்டரான்னு கேக்கலியே மருமவனே?"ன்னேன். ஸ்டூல்ல இருந்த சின்னப் பொண்ணு பிரிண்டருக்குப் பின்னால குனிஞ்சிக்கிச்சி.

நீ ஒன்னும் பேசல. உன் பேரையும் நீயே அடிச்ச. ரெண்டு காப்பி எடுத்த. பழக்க தோசம், ஒன்னுல தேதி முத்திரை குத்தி என் கையில குடுத்த, இன்னொன்னை மடிச்சி சட்டைப் பையில வச்சிக்கின. அம்பது ரூவா நீட்டுனேன், வாங்கல. இந்த வேலூர் ரோட்டுல நீ காசு வாங்காம அடிச்ச மொத மனு அதுதான்.

வர்ற சனத்துக்கெல்லாம் நீ சொல்லுவியே, "கவலைப்படாதீங்க, ஒரு மாசத்துக்குள்ள பதில் வரும்"னு. அந்த ரசீதை எங்கக்கா முந்தானையில, இருவது ரூவாயோட சேத்து முடிஞ்சி வச்சிருக்கா. காலையில போயி பாத்துட்டுத்தான் வரேன். தேதியைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கினு இருந்தா.

இன்னிக்கு இருவத்தி மூணாவது நாளு.